தங்கையின் ஆய்வேட்டுக்கு ஐந்து அட்டைகள்

எங்கள் வீட்டில் ஒரு வார்த்தைக்குப் பதினோரு வருஷமாகத் தடை இருந்தது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. நான் மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்த அன்று அது தானாகவே அமலுக்கு வந்துவிட்டது. பைத்தியம் என்பதுதான் அந்த வார்த்தை. அதன் ஒன்றுவிட்ட சொந்தங்களான கிறுக்கு, லூசு, மண்டைக் கோளாறு எல்லாவற்றுக்கும் அதே கதிதான்.

அந்த வார்த்தை இல்லாமல் ஒரே ஒரு நாளை ஓட்டிப் பாருங்கள், கஷ்டம் தெரியும். குடையைக் கையில் வைத்துக்கொண்டே மழையில் நனைந்து வருகிறவனை வேறு என்ன கேட்பது? எங்கள் அப்பா வாய்க்கு வந்ததைப் பேசியே வளர்ந்தவர். "உனக்கென்ன பை..." என்று ஆரம்பிப்பார். நான் அங்கே இருப்பதைப் பார்த்ததும் மிச்சத்தை விழுங்கிவிட்டு, "பையை எங்க வச்சேன்?" என்று தேட ஆரம்பிப்பார். இந்தப் பதினோரு வருஷத்தில் அவர் தேடிய பைகளை வைத்து ஒரு கடையே போடலாம். அம்மா தொலைக்காட்சித் தொடர் பார்க்கும்போது ரிமோட்டைக் கையை விட்டு இறக்க மாட்டாள். திரையில் எவளாவது தலையை விரித்துப்போட்டுச் சிரிக்கத் தொடங்கினால் போதும், சத்தம் நின்றுவிடும். அவள் சிரித்து ஓய்ந்து கொண்டை போட்ட பிறகுதான் சத்தம் திரும்பி வரும்.

எல்லாம் எனக்காகத்தான். இருபத்தாறு வயதில் நான் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு புத்தகத்திலிருந்தும் யாரோ ஒரே ஒரு பக்கத்தை மட்டும் உருவிக்கொண்டு போகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பிறகு அது சந்தேகமாக இல்லை, நிச்சயமாகிவிட்டது. அச்சகத்தில் எண்ணினேன். வீட்டில் எண்ணினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களை வாங்கித் தையலைப் பிரித்து எண்ணினேன். மூன்று வாரம் சரியான தூக்கமில்லை. கடைசியில் வந்து அழைத்துப் போனார்கள். ஒன்றரை மாதம் அங்கே இருந்தேன். இப்போது தினம் ஒரு மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டர். அவரும் பாதி நேரம் தன் முழங்கால் வலியைப் பற்றித்தான் என்னிடம் பேசுகிறார். எனக்குச் சரியாகிவிட்டது என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் வீட்டுக்கு மட்டும் அந்தத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை.

பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிரே எனக்கு ஒரு கடை இருக்கிறது. முன்னறையில் கணினியும் அச்சு இயந்திரமும், பின்னறையில் பைண்டிங். ஆய்வு மாணவர்களின் ஆய்வேடுகளுக்குக் கெட்டி அட்டை போடுவதுதான் முக்கியமான வேலை. பக்கம் எண்ணுவதும் அதில் சேர்த்தி. முன்பு சும்மா எண்ணினேன், இப்போது அதுவே பிழைப்பு.

என் தங்கை என்னைவிடப் பத்து வயது இளையவள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். சும்மா வந்த பெயரில்லை, சம்பாதித்த பெயர். அந்த வாலு ஜப்பானிய மொழி படித்து, எப்போதோ காலமாகிவிட்ட ஓர் எழுத்தாளரைப் பிடித்துக்கொண்டு ஆறு வருஷமாக ஆராய்ச்சி செய்தாள். அவர் எங்கள் வீட்டில் தூரத்து உறவுக்காரர் மாதிரி ஆகிவிட்டார். "ஜப்பான்காரர் இன்னிக்கு என்ன சொல்றாரு?" என்று அப்பா சாப்பிடும்போது விசாரிப்பார். அவருடைய கதைகளில் எதை ஆராய்கிறாய் என்று நான் முதல் வருஷமே கேட்டேன்.

"கடல்" என்றாள்.

"வெறும் கடலா?"

"வெறும் கடல்தான்ணா. அவங்க ஊரைச் சுத்திக் கடல்தானே?"

நம்பிவிட்டேன். ஆனால் அவள் சொன்ன கதைகள்தான் என்னைப் படுத்தின. ஒருவர் தன் வீட்டைக் கப்பல் என்று சொல்கிறாராம். எதற்காக அப்படிச் சொல்கிறார் என்று கேட்டால், "சும்மா" என்பாள். அப்புறம் என்ன ஆயிற்று? "வீட்டுல எல்லாரும் ஆடி ஆடி நடந்தாங்க." ஏன்? "கடல் பக்கத்துல இருந்துச்சு." இதையா உலகமே கொண்டாடுகிறது என்று எனக்கு அந்த ஜப்பான்காரர் மேல் மதிப்பே போய்விட்டது. கதையிலிருந்து பைத்தியத்தை மட்டும் பதமாக எடுத்துவிட்டு மிச்சத்தை எனக்குப் பரிமாறியிருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவள் ஆறு வருஷம் ஒரு தோட்டத்தையே மறைத்தாள்.

எனக்கு ஓர் ஆசை இருந்தது. அந்த வட்டாரத்தில் முக்கால்வாசி ஆய்வேடுகளுக்கு அட்டை போட்டவன் நான். யார் யார் பிள்ளைகளுக்கோ போட்டாயிற்று. என் தங்கையின் ஆய்வேட்டுக்கு என் கையால் போட வேண்டும் என்று நினைத்திருந்தேன். கடல் என்றாளே என்று நல்ல கருநீல ரெக்சின் சுருள் ஒன்றைக்கூட யாருக்கும் வெட்டாமல் எடுத்து வைத்திருந்தேன். கொடுக்க வேண்டிய நாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அவள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பைண்டிங் டிபார்ட்மென்ட்லயே பண்ணிடறாங்களாம்ணா."

அவள் டிபார்ட்மென்ட்டை எனக்குத் தெரியாதா? நாலு தாளை ஒழுங்காக ஸ்டேப்ளர் அடிக்கத் தெரியாத கூட்டம் அது. பொய் என்று தெரிந்தது. எதற்குப் பொய் என்று கேட்க வாய் வரவில்லை. இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் அவளே டீயைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள். குடித்தேன். அவ்வளவுதான் என் வைராக்கியம்.

கடைசி நாள் வந்தது. சாயங்காலம் நான்கு மணிக்குள் ஐந்து பிரதிகளைத் தேர்வு அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை கெடு நீட்டித்துக் கொடுத்திருந்தார்கள். இன்னொரு தடவை கிடையாது. நான்கு மணி தாண்டினால் பதிவு ரத்தாகிவிடும், ஆறு வருஷம் போனது போனதுதான். அன்று காலை வாலு சாப்பிடாமல் கிளம்பினாள். "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டேன். "எல்லாம் சரியா இருக்குண்ணா" என்று செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள்.

பத்து மணிக்கு ஒருமணி வந்தான். எதிர்வரிசையில் அவனுக்கும் பைண்டிங் கடை. 'ஒரு மணி நேரத்தில் பைண்டிங்' என்று பலகை வைத்திருப்பதால் அவன் பெயரே தெருவில் ஒருமணி ஆகிவிட்டது. கையில் ஐந்து கறுப்பு அட்டைகள் வைத்திருந்தான்.

"அண்ணே, அவசரம். எழுத்து அடிச்சுக் குடுங்க. மத்தியானம் ஒட்டணும், நாலு மணிக்குப் பார்ட்டி குடுக்கணும்."

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஏழு பைண்டிங் கடைகள். அட்டையில் தங்க எழுத்து அடிக்கிற இயந்திரம் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. பித்தளை எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து, சூடாக்கி, தங்கத் தாளின் மேல் வைத்து அழுத்துகிற பழைய இயந்திரம் அது. எந்தக் கடையில் கொடுத்தாலும் அட்டை மட்டும் தனியாக என்னிடம் வந்து, எழுத்து வாங்கிக்கொண்டு திரும்பிப் போகும். பிறகுதான் உள்ளே தாள்கட்டை ஒட்டுவார்கள். தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. ஜப்பானில் எவனெவன் வீட்டில் என்ன நடந்தது என்று விரல் நுனியில் வைத்திருக்கிற என் தங்கைக்கு, அண்ணன் கடையில் என்ன நடக்கிறது என்பது தெரிந்திருக்கவில்லை.

ஒருமணி சீட்டை வைத்துவிட்டுப் போனான். எடுத்துப் படித்தேன். முதல் வரியில் ஜப்பான்காரரின் பெயர் இருந்தது. எனக்கு அதிலேயே பாதி புரிந்துவிட்டது. இரண்டாம் வரியில் 'புனைகதைகளில் பைத்தியம்'. அதற்கும் கீழே என் தங்கையின் பெயர், எங்கள் அப்பாவின் முதலெழுத்தோடு.

முதலில் காது இரண்டும் சூடாயின. பிறகு கோபம் வந்தது. ஒருமணிக்குத் தெரியலாம், அவன் கடையில் டீ வாங்கி வருகிறவனுக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக் கூடாதா? நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா? கோபம் தீர ஐந்து அட்டைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூலை மடிப்பு ஒன்றாவது உருப்படியாக இருக்க வேண்டுமே! கோபத்தோடு கோபமாக உட்கார்ந்து இருபது மூலைகளையும் பிரித்து மறுபடி மடித்து ஒட்டினேன். அதற்குள் மனது கொஞ்சம் அடங்கியது. எழுத்துப் பெட்டியை இழுத்து, கோக்க ஆரம்பித்தேன். என் காதில் விழக் கூடாது என்று வீடே பொத்திப் பொத்தி வைத்திருந்த வார்த்தையை நானே ஓர் எழுத்து ஓர் எழுத்தாகப் பொறுக்கி வைத்தேன்.

எழுத்து சூடேறிக்கொண்டிருந்தபோது ஒருமணி தெருவைத் தாண்டி ஓடி வந்தான்.

"நிறுத்துங்கண்ணே! அடிச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. என்ன?"

"பார்ட்டி போன் பண்ணுச்சு. எழுத்து எங்க அடிக்கிறீங்கன்னு சும்மாதான் கேட்டுச்சு. உங்க கடைன்னு சொன்னேன். போன்லயே ஒரு கத்து கத்துச்சு பாருங்க, என் காது இன்னும் அடைச்சிருக்கு. தலைப்பை மாத்தணுமாம். பைத்தியம்னு வர்ற இடத்துல கடல்னு போடணுமாம். பழைய சீட்டை உங்க கண்ணுல காட்டவே கூடாதாம்."

"அது ஏற்கெனவே என் கையில இருக்கு."

"அதான்ணே நானும் முழிக்கிறேன்."

"பதிவு பண்ணின தலைப்பு எதுன்னு கேட்டியா?"

"கேட்டேன். பழசுதானாம். அதை நான் பாத்துக்கறேன், நீங்க கடல்னு அடிங்கங்குது. ஆறு வருஷம் படிச்ச பொண்ணுண்ணே. அதுக்கென்ன பைத்தியமா?"

பதினோரு வருஷத்துக்குப் பிறகு ஒருவன் என் முகத்துக்கு நேரே அந்த வார்த்தையைச் சாதாரணமாகச் சொன்னான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவன் என் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தான். எனக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"அது என் தங்கச்சி" என்றேன்.

அவனுக்குப் புரை ஏறியது.

தேர்வு அலுவலகத்தில் பிரதிகளை வாங்குகிற குமாஸ்தாவுக்கு எங்கள் தெருவில் பூதக்கண்ணாடி என்று பெயர். அட்டையின் மேல் அடிக்கோலை வைத்து, பதிவேட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுவார். போன வருஷம் ஒரே ஒரு புள்ளி விழவில்லை என்று ஐந்து பிரதிகளைத் திருப்பி அனுப்பியவர். அவரிடம் பேசி ஜெயித்த மனிதன் இன்னும் பிறக்கவில்லை. பைத்தியத்துக்குப் பதில் கடல் என்று கொண்டுபோனால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். வாலுவுக்கும் தெரியாமல் இருக்காது. தெரிந்தேதான் செய்கிறாள். என் கண்ணில் ஒரு வார்த்தை படக்கூடாது என்பதற்காக ஆறு வருஷத்தைத் தூக்கிக் குப்பையில் போடத் துணிந்துவிட்டாள்.

இரண்டு தடவை அவளுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. என் பெயரைப் பார்த்து எப்படி எடுப்பாள், பாவம்.

"என்னண்ணே பண்ணப் போறீங்க?" என்றான் ஒருமணி.

கடல் என்று அடித்துக் கொடுத்தால் நான் எதையும் பார்க்கவில்லை என்று ஆகிவிடும். இன்று ராத்திரி நாலு பேரும் நிம்மதியாகச் சாப்பிடலாம், அவள் ஆறு வருஷம் மட்டும் இருக்காது. உள்ளபடி அடித்தால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யார் யார் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இது எனக்கும் பயமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ஆனால் எழுத்து நல்ல பதமாகச் சூடேறியிருந்தது. தங்கத் தாளை வைத்துக் கைப்பிடியை இறக்கினேன். பைத்தியம் பளிச்சென்று விழுந்தது. இத்தனை வருஷத்தில் நான் அடித்ததிலேயே நல்ல அடி என்று சொல்வேன்.

ஐந்தையும் அடித்து முடித்து, நானே எடுத்துக்கொண்டு ஒருமணி கடைக்குப் போனேன். ஒட்டுவதற்கு அவனை விடவில்லை. நானே பசை தடவி, தாள்கட்டுகளை அட்டைக்குள் உட்கார்த்தி, அழுத்துப் பலகைக்கு அடியில் வைத்தேன். காய ஒரு மணி நேரமாவது ஆகும். நெறியாளருக்கென்று ஆறாவதாக ஒரு கட்டு, அட்டை போடாமல், மேஜை மேல் இருந்தது. எடுத்துப் புரட்டினேன். மூன்றாம் அத்தியாயத்தில் அந்தக் கப்பல் கதை இருந்தது, இந்தத் தடவை முழுசாக.

துறைமுகத்தில் கணக்கெழுதுகிற ஒருவர். ஒருநாள் காலை எழுந்து, நம் வீடு கரையை விட்டுக் கிளம்பிவிட்டது என்கிறார். அவருக்குத் தரை ஆடுகிறது. நிற்க முடியாமல் விழுகிறார். மனைவி கெஞ்சிப் பார்க்கிறாள், அழுது பார்க்கிறாள். ஒருநாள் அவர் கிண்ணத்தோடு சாயும்போது அவளும் அதே பக்கம் சாய்கிறாள். முதல்முறையாக அவர் விழவில்லை. அன்றிலிருந்து வீடே ஆடி நடக்கிறது. பாத்திரங்களைக் கயிறு போட்டுக் கட்டுகிறார்கள், அலமாரியைச் சுவரோடு ஆணி அடிக்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் அவருக்குச் சரியாகிவிடுகிறது. நேராக எழுந்து நேராக நடக்கிறார். மனைவி தேநீர் கொண்டு வருகிறாள், ஆடிக்கொண்டே. நிறுத்தினால் அவர் விழுந்துவிடுவார் என்று அவளுக்குப் பயம். நேராக நடந்து காட்டினால் அவள் மனம் புண்படும் என்று அவருக்குப் பயம். அதனால் அவரும் மறுபடி ஆட ஆரம்பிக்கிறார். கதை அவ்வளவுதான்.

அதன் கீழே என் தங்கை எழுதியிருந்தாள்: 'நோய் கணவனுடையது. அது முடிந்துவிட்டது. கப்பல் கரை சேர்ந்த செய்தியை ஒருவருக்கொருவர் சொல்லத்தான் இவர்களால் முடியவில்லை. இந்த எழுத்தாளரின் கதைகளில் பைத்தியம் ஒருவருக்கு வருகிறது. அதற்குக் குடித்தனம் நடத்துவது வீட்டில் உள்ள எல்லோரும்.'

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்தவன் கடையில், பட்டப்பகலில், பசைக் கையோடு உட்கார்ந்து அழுதேன். அப்பா பை தேடும்போதெல்லாம் நானும் கூடவே எழுந்து தேடியிருக்கிறேன். அம்மா சத்தத்தைக் குறைத்தபோதெல்லாம் தூங்குவது போல நடித்திருக்கிறேன். அவர்கள் மட்டுமா ஆடினார்கள், நானும்தான் ஆடிக்கொண்டிருந்தேன். ஒருமணி நல்ல பையன். அவன் பாட்டுக்கு மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ ரொம்ப நேரம் தேடினான்.

மூன்றேகாலுக்கு ஐந்து பிரதிகளையும் சுமந்துகொண்டு தேர்வு அலுவலகத்துக்குப் போனேன். உள்ளே பூதக்கண்ணாடியின் குரல் நடைபாதை வரை கேட்டது.

"லேபிள் எல்லாம் ஒட்டக் கூடாதும்மா. அட்டையில தங்க எழுத்து. அதான் விதி."

வாலு அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் பசைக்குச்சி, இன்னொரு கையில் சரியான தலைப்பு அச்சிட்ட ஐந்து காகிதச் சீட்டுகள். கடல் என்று அடித்து வருகிற அட்டைமேல் ஒட்டிவிடலாம் என்று போட்ட திட்டம். இந்த மூளையை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி வேறு!

"சார், உள்ள சரியான தலைப்புதான் இருக்கு. மேல மட்டும்..."

"மேல இருக்கறதுதான் எனக்கு வேணும்."

நான் ஐந்தையும் அவர் மேஜையில் வைத்தேன். வாலு திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு அட்டையைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த சீட்டுகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன.

பூதக்கண்ணாடி அடிக்கோலை எடுத்தார். பதிவேட்டை விரித்தார். பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுப்பதுபோல உரத்த குரலில் படித்தார். "புனை... கதை... களில்... பைத்தியம்." அறையில் இருந்த நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "பைத்தியம்தானே? பைத்தியங்கள் இல்லையே?"

"இல்லைங்க, ஒண்ணுதான்" என்றேன்.

"பதிவேட்டுலயும் ஒருமைதான். சரியா இருக்கு." அட்டையைத் தடவிப் பார்த்தார். "எழுத்து நல்லா விழுந்திருக்கு. யார் அடிச்சது?"

"எங்கண்ணன்" என்றாள் வாலு.

ஐந்து முத்திரை, ஒரு ரசீது. மூன்று ஐம்பதுக்கு வேலை முடிந்தது.

வெளியே நடைபாதையில் ஒரு மரபெஞ்சு இருந்தது. போய் உட்கார்ந்தோம். அவள் ரசீதை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"கோவமாண்ணா?"

"ஆமா. மூலை மடிக்கத் தெரியாதவன்கிட்டப் போய்க் குடுத்திருக்க. கோவம் வராதா?"

சிரிக்க வந்தவள் அழுதுவிட்டாள். சின்ன வயதில் விழுந்து முட்டி தேய்ந்தால் எப்படி அழுவாளோ அப்படி, மூக்கும் கண்ணுமாக. முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

"அந்த வார்த்தையைப் பாத்தா நான் உடைஞ்சு போயிடுவேன்னு நினைச்சியா?"

"அதுக்காக மட்டும் மறைக்கல." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அஞ்சாம் அத்தியாயம் படிச்சியா?"

"மூணுதான் படிச்சேன். அதுக்குள்ள பசை காஞ்சிருச்சு."

"அஞ்சுல ஒரு தங்கச்சி வருவா. அண்ணனுக்கு முடியல. வீட்டுல எல்லாரும் மூடி மூடி வைக்கறாங்க. அவதான் யாருக்கும் தெரியாம ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பறா." ரசீதை மறுபடி பிரித்தாள். "அப்பா அம்மா ரெண்டு நாள்ல சரியாயிடும்னு சொல்லிட்டே இருந்தாங்கண்ணா. நீ சாப்பிடவே இல்ல. என்னோட புத்தகத்தையெல்லாம் பிரிச்சுப் போட்டுட்டு, எண்ணி எண்ணி அழுத. எனக்குப் பதினாறு வயசு. பள்ளிக்கூடத்து ஆபீஸ்ல பொய் சொல்லிட்டு அங்கிருந்து போன் பண்ணேன். நான்தான் பண்ணேன்."

கிழிந்துவிடும் போலிருந்த ரசீதை அவள் கையிலிருந்து வாங்கி என் சட்டைப்பையில் வைத்தேன்.

"வண்டியில ஏத்தறப்ப நீ கத்தின. இதைப் பண்ணவங்க யாரோ, அவங்க முகத்துல இனிமே முழிக்க மாட்டேன்னு. நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். நீ திரும்பி வந்தப்புறம் தினமும் காலையில என் முகத்துலதான் முழிச்ச. எனக்குத் தினமும் பயமா இருக்கும். இன்னிக்குத் தெரிஞ்சிடுமோ, இன்னிக்குத் தெரிஞ்சிடுமோன்னு."

அப்படிக் கத்தியது எனக்கு நினைவே இல்லை. நினைவே இல்லாத ஒரு வாக்கியத்தை இவள் பதினாறு வயதிலிருந்து சுமந்திருக்கிறாள். என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது.

"வாலு, இங்க பாரு. அன்னிக்குச் சாயங்காலம் நான் எங்க போறதா இருந்தேன்னு தெரியுமா?"

தலையசைத்தாள், தெரியாது என்று.

"அச்சகத்து மாடியில தண்ணித் தொட்டி இருக்கும்ல, அது மேல. காணாமப் போன பக்கமெல்லாம் அங்கதான் ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு எனக்கு அன்னிக்குக் காலையில தெரிஞ்சுது. மூணு மாடி. ஏணி கிடையாது. அன்னிக்கு மழை வேற. சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் ஏறணும்னு கயித்தைக்கூட எடுத்து வச்சுட்டேன். மத்தியானமே வண்டி வந்துருச்சு."

அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ போன் பண்ணலேன்னா இன்னிக்கு உனக்கு அட்டை போட அண்ணன் இருந்திருக்க மாட்டான். யார் பண்ணினதுன்னு மட்டும் தெரிஞ்சிருந்தா அப்பவே உன் காலைத் தொட்டிருப்பேன்."

"ஏண்ணா இதை யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலயே."

நாலு மணி அடித்தது. உள்ளே பூதக்கண்ணாடி ஜன்னல் பலகையை இறக்கிப் பூட்டுகிற சத்தம் கேட்டது. கடைசி நிமிஷத்தில் ஓடி வந்த ஒருவன் அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். வாலு முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"நான் கேக்கறேன்" என்றாள். "அங்க எப்படிண்ணா இருந்துச்சு?"

எனக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முதல் நாளிலிருந்தே ஆரம்பித்தேன். கட்டில் எப்படி இருந்தது, பக்கத்துக் கட்டில்காரர் எப்படி ராகம் போட்டுக் குறட்டை விட்டார், எந்த நர்ஸ் என்னோடு உட்கார்ந்து பக்கம் எண்ணினாள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவள் இடையில் சிரித்தாள், இடையில் அழுதாள், கேள்வி மேல் கேள்வி கேட்டாள். வாசல் கதவைப் பூட்ட வேண்டும், எழுந்திருங்கள் என்று காவலாளி வந்து நின்றபோது நான் ஒன்பதாம் நாளில்தான் இருந்தேன்.